ரைன் நதிக் கோட்டைகள்: பேக்கேஜ் வேண்டாம், நீங்களே போகலாம்

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். செப்டம்பர் 28 அன்று பிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். நவம்பர் முதல் வாரம் வரை தங்குவோம். ரைன் நதிப் பள்ளத்தாக்கில் கோட்டைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. மகளுக்கு லீவு கிடைக்காது. எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர் "நாற்பது கோட்டை, கப்பல் சவாரி, ஒயின் டேஸ்டிங்" என்று ஒரு நாள் பேக்கேஜுக்கு ஆளுக்கு 18,500 ரூபாய் கேட்கிறார். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். எனக்கு முழங்கால் வலி. இருவரும் சைவம், மது தொடமாட்டோம். ஜெர்மன் மொழி தெரியாது. தனியாகப் போக முடியுமா, பேக்கேஜே மேலா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தனியாகவே போகலாம் அம்மா. மொழி ஒரு பிரச்சினையே இல்லை. முழங்கால்தான் யோசிக்க வேண்டிய விஷயம், அதற்கும் வழி இருக்கிறது.

முதலில் அந்த "நாற்பது கோட்டை" கணக்கைப் பார்த்துவிடலாம். பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர் நீளும் இந்தப் பள்ளத்தாக்கை 2002-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்த நீளத்துக்குள் நாற்பது கோட்டைகள் போல இருப்பது உண்மைதான். ஆற்றில் போகும் ஒவ்வொரு படகையும் நிறுத்திச் சுங்கம் வாங்கிய காலத்தில், மேட்டுக்கு மேடு ஆளுக்கொரு கோட்டை கட்டிக்கொண்டார்கள். ஆனால் பேக்கேஜ் நோட்டீஸை எடுத்து நிதானமாகப் படியுங்கள். "கோட்டைகளைக் காணலாம்" என்றுதான் இருக்கும், "உள்ளே செல்லலாம்" என்று இருக்காது. எந்தப் படகில் ஏறினாலும் கோட்டைகள் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். அதைக் காட்டுவதற்கு ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இந்த மாதிரி பேக்கேஜ்களில் நடப்பதை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். பஸ்ஸில் ரூடெஸ்ஹைம் ஊருக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் படகில் ஒரு சுற்று. அந்தச் சுற்று பிங்கனை ஒட்டிய இரண்டு மூன்று கோட்டைகளைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். இந்தப் பள்ளத்தாக்கின் உயிரான கௌப் ஊர் முதல் லோரலை பாறை வரையான பகுதியை எட்டியே பார்க்காது. மீதி நேரம் முழுக்க டிரோசல்காஸே என்ற 144 மீட்டர் நீளச் சந்தில் விட்டுவிடுவார்கள். அழகான சந்துதான், மறுக்கவில்லை. ஆனால் அது நாள் முழுக்கச் சுற்றும் இடமில்லை. நினைவுப் பொருள் கடைகளில் குயில் கடிகாரத்தைக் காட்டி "இந்த ஊர் விசேஷம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குயில் கடிகாரம் ஜெர்மனியின் தெற்கே இருக்கும் கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) பகுதியின் சரக்கு, ரைன் நதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போன வருடம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி இப்படித்தான் போய், லோரலை பாறையையே பார்க்காமல் ஊர் திரும்பினார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இன்னொரு ஏமாற்றம் ரயிலில் நடக்கும். "பிராங்க்ஃபர்ட்டிலிருந்து கொலோனுக்கு அதிவேக ரயிலில் போனால் ரைன் நதியையும் பார்த்துவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். 2002-ல் திறந்த அந்த அதிவேகப் பாதை பள்ளத்தாக்குப் பக்கமே வராது. மலைகளைக் குடைந்த சுரங்கங்கள் வழியாக லிம்புர்க், மொண்டபவுர் என்று போய்விடும். உங்களுக்கு வேண்டியது ஆற்றங்கரையை ஒட்டி மெதுவாகப் போகும் வட்டார ரயில், அதாவது ஆர்.பி. அல்லது ஆர்.ஈ. என்று குறிப்பிட்ட ரயில்.

ஆற்றின் இரு கரையிலும் தண்டவாளம் உண்டு. வலது கரைப் பாதையை 2026 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை முழுவதும் மூடிப் புதுப்பிக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். பல வருடம் பராமரிக்காமல் விட்டுவிட்டு, இப்போது திராட்சை அறுவடைக் காலத்தையும் சேர்த்து மொத்தமாக மூடினால் அங்குள்ள சிற்றூர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? ரயிலுக்குப் பதிலாக விடும் பஸ்களில் வயதானவர்களை ஏறி இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் நீங்கள் இடது கரையிலேயே போய், இடது கரையிலேயே திரும்புங்கள்.

காலை எட்டரை ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள். பிராங்க்ஃபர்ட்டிலிருந்து மைன்ஸ், அங்கே மாறி பாகராக். பிங்கன் தாண்டியதும் வலது பக்க ஜன்னலில் ஆறு வந்துவிடும், அந்தப் பக்கமே உட்காருங்கள். வேறு யாராவது பிங்கனில் இறங்கிப் படகு பிடிக்கச் சொன்னால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிங்கனில் இரண்டு ரயில் நிலையம் உண்டு. பெயரைப் பார்த்து ஹவுப்ட்பான்ஹோஃப் என்ற பிரதான நிலையத்தில் இறங்கினால் படகுத்துறைக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும். துறைக்கு அருகில் இருப்பது பிங்கன் ஸ்டாட் நிலையம். முழங்கால் வலியோடு அந்த நடை உங்களுக்கு வேண்டாம். நான் பாகராக் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாகராக் சின்ன ஊர். மரச்சட்டம் போட்டுக் கட்டிய பழைய வீடுகள், ஊரைச் சுற்றிய மதில், பின்னாலேயே செங்குத்தாக ஏறும் திராட்சைச் சரிவு. கடைத்தெரு சமதரைதான், மெல்ல நடக்கலாம். மேலே தெரியும் ஸ்டாலெக் கோட்டை இப்போது இளைஞர் விடுதி. அதற்காகப் படி ஏற வேண்டாம். ஒரு காபி குடித்துவிட்டுத் துறைக்கு வாருங்கள். படகு டிக்கெட் துறையிலேயே கிடைக்கும்.

பாகராக்கிலிருந்து சாங்க்ட் கோவார் வரை படகு. நீரோட்டத்தோடு போவதால் முக்கால் மணி நேரம்தான், ஆனால் இந்த ஆற்றில் பார்க்க வேண்டியதெல்லாம் அந்த முக்கால் மணியில் வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் கௌப் ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவில் ஒரு கப்பல் நிற்பதுபோல் வெள்ளைக் கோட்டை ஒன்று தெரியும். ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன் என்று பெயர். 1327-ல் சுங்கம் வசூலிக்கவே கட்டத் தொடங்கியது, பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அந்த வேலை நடந்தது. அடுத்து ஓபர்வேசல் ஊரும் அதன் மேலே ஷோன்புர்க் கோட்டையும், அது இப்போது ஹோட்டல். அப்புறம் ஆறு குறுகி வளையும் இடத்தில் வலது கரையில் 132 மீட்டர் உயர லோரலை பாறை. அதன் உச்சியில் அமர்ந்து பாடும் பெண்ணின் குரலில் மயங்கிப் படகோட்டிகள் பாறையில் மோதினார்கள் என்பது கதை. ஹைன்ரிக் ஹைனே 1824-ல் அதைக் கவிதையாக்கினார். படகில் அந்தப் பாட்டைப் போடுவார்கள், அப்போது மேல்தளத்தில் இருங்கள். அக்டோபரில் ஆற்றுக்காற்று குளிரும், ஸ்வெட்டரும் மப்ளரும் கட்டாயம்.

சாங்க்ட் கோவாரில் இறங்குங்கள். நேர் எதிர்க் கரையில் சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசன் என்று ஒரு ஊர் இருக்கிறது. பெயர் பாதி ஒன்றாக இருப்பதால் அங்கே இறங்கிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. இந்தப் பகுதியில் ஆற்றுக்குப் பாலமே கிடையாது, திரும்ப ஃபெர்ரி பிடித்துத்தான் கடக்க வேண்டும்.

இப்போது முழங்கால். கோட்டை என்றாலே மேடு, கரடுமுரடான கல் தரை, சுழல் படி. இந்தப் பள்ளத்தாக்கில் ஒருபோதும் அழியாத மலைக்கோட்டை என்று எல்லாரும் புகழும் மார்க்ஸ்புர்க், பாறை மேலேயே நடக்க வைக்கும். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், நடுவில் உட்காரவும் முடியாது. உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். சாங்க்ட் கோவாருக்கு மேலே இருக்கும் ரைன்ஃபெல்ஸ்தான் உங்களுக்கு ஏற்றது. 1245-ல் தொடங்கி, 1797-ல் பிரெஞ்சுப் படை வெடி வைத்துத் தகர்த்த பெரிய இடிபாடு அது. வாசல் வரை டாக்ஸியில் போகலாம். உங்கள் கணவர் உள்ளே சுற்றி வரட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருக்கும் ஹோட்டலின் மொட்டைமாடியில் உட்காருங்கள். ஆற்றின் வளைவு முழுவதும் அங்கிருந்தே தெரியும், எனக்கு அந்தக் காட்சி உள்ளே இருப்பதைவிடப் பிடிக்கும். திரும்பும்போது சாங்க்ட் கோவாரிலேயே ரயில் ஏறி மைன்ஸ் வழியாக வீடு.

டிக்கெட் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பிராங்க்ஃபர்ட் ஒரு கட்டணக் கூட்டமைப்பு, அதாவது தனக்கென்று டிக்கெட் விலை வைத்திருக்கும் வட்டாரம். பாகராக் இன்னொன்று, சாங்க்ட் கோவார் மூன்றாவது. ஒரே ஆறு, ஒரே ரயில், மூன்று கணக்கு! உள்ளூர்க்காரர்களே மெஷின் முன்னால் நின்று தலையைச் சொறிகிறார்கள். இந்தக் குழப்பமே வேண்டாமென்றால் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது. நாடு முழுக்க எல்லா வட்டார ரயிலிலும் நகரப் பஸ், டிராமிலும் செல்லும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-ல் 58, 2026-ல் 63 என்று ஏறிவிட்டது. நீங்கள் அக்டோபர் முழுக்க அங்கே இருக்கிறீர்கள், மகள் வீட்டிலிருந்து கடை கண்ணிக்குப் போகவும் அதுவே ஆகும். உங்களுக்கு லாபம்தான்.

ஆனால் இதில் உள்ள கண்ணியை நிதானமாகப் படியுங்கள், மகளிடமும் காட்டுங்கள். இது டிக்கெட் மாதிரி தெரிந்தாலும் உண்மையில் மாதச் சந்தா. நீங்களாக நிறுத்தாதவரை அடுத்த மாதப் பணம் தானாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு மாதக் கடைசியோடு நிறுத்த, அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். முப்பது நாள் கணக்கும் கிடையாது, காலண்டர் மாதக் கணக்கு. நீங்கள் செப்டம்பர் 28 அன்று இறங்கி, அவசரப்பட்டு அன்றே தொடங்கும்படி வாங்கினால், செப்டம்பரின் 10-ம் தேதி எப்போதோ போய்விட்டது. அப்போது மூன்று நாளுக்காக ஒரு மாதச் சந்தா தொடங்கியதாக ஆகிவிடும். அதனால் தொடக்க நாளை அக்டோபர் 1 என்று போடச் சொல்லுங்கள். வாங்கிய கையோடு, அன்றைக்கே, ரத்தும் கொடுத்துவிடச் சொல்லுங்கள். முன்கூட்டியே ரத்து கொடுத்தாலும் அக்டோபர் 31 வரை டிக்கெட் செல்லும். அக்டோபர் 11-ல் ஞாபகம் வந்தால் நவம்பருக்கும் 63 யூரோ, இரண்டு பேருக்கும் சேர்த்து 126. செப்டம்பரின் மூன்று நாளுக்கும் நவம்பரின் ஒரு வாரத்துக்கும் தனித்தனி டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் தனி டிக்கெட் வேண்டும், கூடவே பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். வேறு யாரோ வாங்கித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். சந்தா அவர் கணக்கில் இருந்தால் ரத்து செய்யும் கடிவாளமும் அவர் கையில் போய்விடும்.

படகுகள் அக்டோபர் கடைசி வரைதான் ஓடும், போகப் போக எண்ணிக்கை குறையும். அதனால் அக்டோபர் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு வெயில் நாளாகப் பார்த்துப் போய்விடுங்கள். முந்தின நாள் மகளை நேர அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் இதே மாதத்தில் ஆறு வற்றும். 2018 அக்டோபரில் கௌப் அளவுகோலில் நீர்மட்டம் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அப்படி ஆனால் சில துறைகளில் படகு நிற்காது.

மது தொடமாட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நீங்கள் போவது ரீஸ்லிங் திராட்சை அறுவடைக் காலம். அப்போது எல்லா இடத்திலும் ஃபெடர்வைஸர் என்று ஒன்று விற்பார்கள். கலங்கலாக, பழச்சாறு மாதிரி, தித்திப்பாக இருக்கும். அது பாதி புளித்த ஒயின், போதை உண்டு. "கிரேப் ஜூஸ்தானே" என்று குடித்துவிடாதீர்கள். ட்ராவ்பென்சாஃப்ட் என்று கேட்டால்தான் உண்மையான திராட்சைச் சாறு கிடைக்கும். சாப்பாட்டில், வெங்காயக் கேக் என்று கொடுப்பதிலும் ஃபிளாம்கூகன் என்ற மெல்லிய ரொட்டியிலும் பன்றி இறைச்சித் துண்டு கலந்திருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். ஷ்பூண்டகேஸ் என்ற மசாலா சேர்த்த பாலாடைக்கட்டியும் உப்பு பிரெட்சலும் கிடைத்தால் அதைச் சாப்பிடலாம். என்னைக் கேட்டால், ஒரு டப்பாவில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு பாகராக் ஆற்றங்கரை பெஞ்சில் சாப்பிடுங்கள். கழிப்பறை ரயிலிலும் படகிலும் இருக்கும், சின்ன ரயில் நிலையங்களில் எதிர்பார்க்காதீர்கள். சில்லறை யூரோ கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த 5,000. டிராவல்ஸ்காரரிடம் வாய்வார்த்தையாகப் பேச வேண்டாம். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: படகு எந்தத் துறையிலிருந்து எந்தத் துறை வரை போகும், எந்தக் கோட்டையின் நுழைவுச் சீட்டு விலையில் சேர்ந்திருக்கிறது, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும். முதல் இரண்டுக்கும் ஊர் பெயரோடு பதில் வராவிட்டால், அதையே காரணமாக எழுதி முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விமான டிக்கெட்டையும் அவரே போட்டிருந்தால், அந்தக் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ள விடாதீர்கள், தனி ரசீது கேளுங்கள். ஒருவேளை 5,000 போயே போனாலும், மீதி 32,000-ஐ அதன் பின்னால் அனுப்ப வேண்டாம் அம்மா. நான் சொன்ன பயணத்துக்கு டாக்ஸி, காபி எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு ஆகாது.