குறைமாதப் பிரசவம் முன்கூட்டியே தெரியுமா? நர்ஸ் அக்கா பதில்கள்

வேலூர்ப் பக்கம் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். 37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதம். நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

குடியாத்தம் தங்கை: முதல் பையன் 33 வாரத்திலேயே பிறந்துவிட்டான். இப்போது மறுபடி 4 மாதக் கர்ப்பம். இதுவும் அப்படித்தானா அக்கா?

முந்தைய குறைமாதப் பிரசவம் பெரிய எச்சரிக்கைதான். ஆனால் அது எப்படி நடந்தது? தானாக வலி வந்ததா, பனிக்குடம் உடைந்ததா, இல்லை பிரஷர் ஏறியதால் டாக்டரே எடுத்தாரா? மூன்றுக்கும் வழி வேறு வேறு. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துப் போங்கள், அதில் எழுதியிருக்கும்.

தானாக வந்ததென்றால் 16 முதல் 24 வாரத்துக்குள் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளப்பார்கள், தேவைப்பட்டால் சில முறை. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன், சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். கூச்சமாக இருக்கும், வலிக்காது, குழந்தையையும் தொடாது. 25 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் இரவில் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரான் (கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன்) மாத்திரையோ, கர்ப்பப்பை வாயில் ஒரு தையலோ போடலாமா என்று டாக்டர் யோசிப்பார். வாய் குட்டையாக இருந்தும் மாசம் நிறைந்து பெற்றவர்கள் நிறைய பேர். நாள் குறித்துத் தரும் ஸ்கேன் எதுவும் கிடையாது.

ஆம்பூர், ஷூ கம்பெனி தையல் பிரிவு: 28 வாரம். வயிறு கல்லாட்டம் இறுகுது. பொய் வலியா?

சிறுநீர் கழித்து, தண்ணீர் குடித்து, இடது பக்கம் சாய்ந்து படுத்து வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். அடங்கினால் பெரும்பாலும் பொய் வலி. 10 நிமிடத்துக்கு ஒருமுறையோ இன்னும் அடிக்கடியோ இறுகினாலும், இடுப்பு விட்டுவிட்டு வலித்தாலும், நீர் கசிந்தாலும், ரத்தம் பட்டாலும் அப்படியே கிளம்புங்கள், வீட்டில் கஷாயம் வைக்கச் சொல்லாதீர்கள். அப்புறம், சூப்பர்வைசருக்குப் பயந்து சிறுநீரை அடக்காதீர்கள். எரிச்சலே இல்லாமல்கூடக் கிருமி இருக்கும். அதுவும் வலியைத் தூண்டலாம். யூரின் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

காட்பாடித் தம்பி: பிறப்புறுப்பில் பஞ்சு வைத்து எடுக்கும் ஃபைப்ரோநெக்டின் டெஸ்ட் உறுதியாகச் சொல்லுமா?

ஃபைப்ரோநெக்டின் என்பது குழந்தையின் பையைக் கர்ப்பப்பையோடு ஒட்டவைக்கும் புரதம். அது கசிகிறதா என்று பார்க்கும் இந்த டெஸ்ட், இல்லை என்று சொல்வதில் கெட்டி, ஆமாம் என்று சொல்வதில் சுமார். வலியோடு வந்தவருக்கு அது நெகட்டிவ் என்றால் அடுத்த ஒரு வாரத்தில் பிறக்க வாய்ப்பு மிகக் குறைவு. எல்லா இடத்திலும் செய்வதில்லை. அங்கெல்லாம் ஸ்கேன் அளவே கைகொடுக்கும்.

ராணிப்பேட்டை: மாமியார் பிரசவம் வரை எழுந்திருக்கவே கூடாது என்கிறார்.

படுத்தே கிடப்பதால் பிரசவம் தள்ளிப்போகாது. காலில் ரத்தம் கட்டும் ஆபத்துதான் கூடும். மாமியாரிடம் டாக்டரையே பேசச் சொல்லுங்கள்.

பீஞ்சமந்தை அண்ணன்: தங்கச்சிக்கு இரட்டைக் குழந்தை, 30 வாரம். மலையில்தான் இருக்கிறாள்.

இரட்டையில் பாதிக்கும் மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடும். எனவே ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் கீழே அழைத்து வந்துவிடுங்கள். குறைமாதக் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி முழுப் பலன் தர ஒரு நாள் ஆகும். வலி வந்த பிறகு மலைப் பாதையில் 108-க்குக் காத்திருந்தால் அந்த ஒரு நாள் கிடைக்காது. வயிற்றில் இருக்கும்போதே பச்சைக்குழந்தை ஐசியூ உள்ள மருத்துவமனைக்கு வந்து சேர வேண்டும். அணைக்கட்டிலோ வேலூரிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் இந்த வாரமே வரட்டும். இல்லையென்றால் உங்கள் கிராம நர்ஸிடம் கேளுங்கள், தங்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று சொல்வார்.