கத்தோலிக்கர் தகனத்தைத் தேர்ந்தெடுக்கலாமா? தேர்ந்தெடுத்தால் சாம்பலை எங்கே வைப்பது?

"கத்தோலிக்கராக இருந்துகொண்டு அடக்கத்துக்குப் பதில் தகனம் வேண்டும் என்று சொல்வது பாவமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாவமில்லை. முன்பு தகனத்துக்குத் தடை இருந்தது; 1963 ஜூலையிலேயே வத்திக்கான் அந்தத் தடையை எடுத்துவிட்டது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1176-ஆம் பிரிவும், அடக்கம் செய்யும் வழக்கத்தை மனதாரப் பரிந்துரைக்கிறதே தவிர தகனத்தைத் தடுக்கவில்லை. உயிர்ப்பை நம்பவில்லை என்று காட்டுவதற்காக ஒருவர் எரியூட்டச் சொன்னால் மட்டும் கதை வேறு.

பெரியவர்கள் இன்னும் முகம் சுளிக்கக் காரணம் உண்டு. 1886-இல் போட்ட தடை அது. அந்தக் கால ஐரோப்பாவில் தகனத்துக்காகக் கொடி பிடித்தவர்களில் பலர் திருச்சபையின் எதிரிகள். மறுவாழ்வு என்று ஒன்றும் இல்லை என அறிவிக்க அதைப் பயன்படுத்தினார்கள். எரிந்த உடலைக் கடவுளால் எழுப்ப முடியாது என்பது ஒருநாளும் திருச்சபையின் போதனை அல்ல. தீயில் வெந்து இறந்த மறைசாட்சிகளைப் புனிதர்களாகப் போற்றுகிற சபை அப்படிச் சொல்லவும் முடியாது.

என் அப்பா தனக்குத் தகனம்தான் என்று சொல்லிவைத்திருந்தார். அண்ணனுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. பங்குத்தந்தையிடம் போனோம். "முதல்ல கோவிலுக்குக் கொண்டுவாங்க, பூசை முடியட்டும், அப்புறம் தகனம்" என்றார். அந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்பது திருப்பலியில் புரிந்தது. திருமுழுக்குப் பெற்ற, நற்கருணை வாங்கிய அதே உடலின் மேல்தான் தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டுகிறார்கள். அதைப் பார்த்ததில் அண்ணனுக்குப் பாதி வருத்தம் கரைந்தது.

சாம்பலை வாங்கியபோது மெல்லிய தூளாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. வெளிறிய நிறத்தில் கரடுமுரடான மணல் மாதிரி இருந்தது. அது பொடித்த எலும்பு. கலயமும் நன்றாகவே கனத்தது. பெரியவர் ஒருவரின் சாம்பல் இரண்டு, மூன்று கிலோ வரும். நான் ஏந்தி நிற்பது அப்பாவைத்தான் என்று கைக்கே தெரிந்தது.

பலர் தடுமாறுவது இதற்கு அப்புறம்தான். 2016-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல், சாம்பலைக் கல்லறைத் தோட்டம், கோவில் போன்ற புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது. கடலில் கரைப்பது, காற்றில் தூவுவது, பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வது, லாக்கெட்டில் அடைத்துப் போட்டுக்கொள்வது எதுவும் கூடாது. வீட்டில் வைக்கவும் மிக அபூர்வமாகவே அனுமதி. 2023 டிசம்பரில் கொஞ்சம் தளர்வு வந்தது: இறந்தவரின் வாழ்வில் முக்கியமான ஓர் இடத்தில் மிகச் சிறு பகுதியை வைக்கக் குடும்பம் கேட்டால், திருச்சபை அதிகாரி அதைப் பரிசீலிக்கலாம்.

எனக்கு இந்த விதி கறாராகப் படவில்லை. வீட்டு அலமாரியில் இருக்கும் கலயத்தின் முன்னால் அந்த வீட்டுக்காரர்தான் செபிக்க முடியும். கல்லறையில் பெயர் பொறித்துவிட்டால் பழைய நண்பரும் வரலாம், முன்பின் தெரியாதவரும் ஒரு செபம் சொல்லிவிட்டுப் போகலாம். பேரப்பிள்ளைகள் காலத்தில் கலயம் பரணில் கிடக்கவும் வேண்டாம். அப்பாவை அம்மாவின் கல்லறையிலேயே வைத்தோம்.

எனக்கென்று கேட்டால் அடக்கம்தான். ஆண்டவர் கல்லறைக்குள் கிடந்தார். என் உடலும் அப்படியே மண்ணுக்குள் போய் உயிர்ப்புக்குக் காத்திருக்கட்டும் என்று ஆசை. ஆனால் இடமில்லாமலோ பணமில்லாமலோ தகனத்தைத் தேர்ந்தெடுப்பவரை விசுவாசம் குறைந்தவர் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கல்லறைத் தோட்டத்தில் சாம்பல் வைக்க இடம் உண்டா, குடும்பக் கல்லறையைத் திறக்க விடுவார்களா என்று பங்கு அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம் முடிவை எழுதி வையுங்கள்: திருப்பலி எப்போது, வைக்க வேண்டிய இடம் எது என்பது உட்பட. "தகனம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், மீதியைப் பிள்ளைகள் துக்கத்துக்கு நடுவே சண்டை போட்டு முடிவு செய்ய வேண்டியிருக்கும்.