கூர்மையான திரையா, நீடிக்கும் பேட்டரியா?

வணக்கம். ஸ்கேன் செய்த பழைய தமிழ் நூல்களைப் படிக்க எட்டு அங்குல டேப்லெட் தேடுவதாகவும், கூர்மையான திரை பேட்டரியைத் தின்றுவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அச்சம் நியாயமானதே, பின்னாலிருந்து விளக்கொளி பாயும் எல்சிடி திரையில் படப்புள்ளிகள் (பிக்சல்கள்) நெருங்க நெருங்க ஒளி ஊடுருவுவது குறைவதால், அதே பிரகாசத்துக்குப் பின்விளக்கு கூடுதல் மின்சாரம் இழுக்கும். ஆயினும் பெரிய பேட்டரியால் அதை ஈடுகட்ட முடியும்: 2012இல் வந்த ஆப்பிளின் சிறிய டேப்லெட்டான முதல் ஐபேட் மினியில் அங்குலத்துக்கு 163 படப்புள்ளிகளும் 16.3 வாட்-மணி (பேட்டரி கொள்ளளவின் அலகு) பேட்டரியும் இருந்தன. அடுத்த ஆண்டு வந்த, ‘ரெட்டினா’ என்று ஆப்பிள் அழைத்த கூர்மையான திரை கொண்ட மினியில் 326 படப்புள்ளிகளும் 23.8 வாட்-மணியும். இரண்டுக்கும் ஆப்பிள் சொன்னது பத்து மணி நேரமே. எடைதான் 308 கிராமிலிருந்து 331 ஆயிற்று.

ஸ்கேன் பக்கத்தைச் சிறிய திரைக்குள் சுருக்கும்போது கூர்மை குறைந்த திரையில் மெய்யெழுத்தின் புள்ளியே மறையக்கூடும் என்பதால், உங்களுக்குக் கூர்மையான திரையையே பரிந்துரைப்பேன். இரவில் பிரகாசத்தைத் தாராளமாகக் குறைத்து வையுங்கள்.