கண்மாய்த் துறைக்கு வேலி எதற்கு? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

கல்லல் அருகே எங்கள் ஊர். இப்போது மினசோட்டாவில் வசிக்கிறேன். இங்கே ஏரிகளில் பொதுமக்கள் படகு இறக்கவும் தூண்டில் போடவும் அமைந்த துறைகளில் ஒன்றை, நாங்கள் சில குடும்பத்தார் தன்னார்வலர்களாகப் பேணி வருகிறோம். பொங்கலுக்கு வரும்போது ஊர்க் கண்மாய்த் துறையிலும் இதைத் தொடங்க விரும்புகிறோம். சிமெண்டுத் தளம், கம்பிவேலி, பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு நிதியும் சேர்ந்துவிட்டது. தங்கள் கருத்தை அறிய ஆவல்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எண்ணம் நல்லது, வேலியும் தளமும் வேண்டாம். அங்கே நீங்கள் காப்பது, எவரும் தண்ணீரில் இறங்கலாம் என்னும் உரிமையை. நம் கண்மாயில் அவ்வுரிமை மீன்பாசிக் குத்தகைதாரர் (மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்), மடை திறப்பவர், மாடு குளிப்பாட்டுபவர், துணி துவைக்கும் பெண்கள் எனப் பலரிடம் பலவிதமாகப் பிரிந்து கிடக்கிறது. கோடையில் நீர் வற்றியதும், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய கணத்தில், ஊத்தா, கச்சா எனும் மீன்பிடி கருவிகளோடு சுற்றுவட்டார ஊரார் அனைவரும் ஒருசேர இறங்கும் மீன்பிடித் திருவிழாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்று உங்கள் கம்பிவேலி எத்தனை பேரின் காலைக் கிழிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மாடு இறங்கும் மண்சரிவைச் சிமெண்டால் மூடினாலோ, பாசி படிந்து மாடும் வழுக்கும், மேய்ப்பவரும் வழுக்குவார்.

முதலில் கண்மாய் யார் பொறுப்பில் உள்ளது என்று கேட்டறியுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. அனுமதியை எழுத்தில் பெறுங்கள். குத்தகைதாரரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள், இல்லையேல் மீன் திருட வந்த கூட்டம் என்றே நினைப்பார்.

பிறகு செய்ய வேண்டியது, பாதை முடியும் இடத்திற்கும் முழங்கால் அளவு நீருக்கும் இடைப்பட்ட சிறு நிலத்தில்தான். மது அருந்துவோர் உடைத்துப் போடும் பாட்டில் சில்லுகளையும், அறுந்த நைலான் தூண்டில் நரம்பையும் பொறுக்குவதே அதில் முதன்மையானது. நரம்பு கொக்கு, நீர்க்காகங்களின் காலில் சுற்றினால் அவை மீள்வது அரிது. அமெரிக்கப் பேரேரிகளில் 1988இல் கண்டறியப்பட்ட வரிக்குதிரைச் சிப்பி பரவாதிருக்க, படகின் அடிமூடியைக் கழற்றி நீரை வடித்த பின்னரே துறையை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பது உங்கள் மாநிலச் சட்டம் அல்லவா? இங்கே அந்தக் கவனம் வலைகளின்மேல் இருக்க வேண்டும். ஆகாயத்தாமரையின் ஒரு துண்டு வலையில் ஒட்டி அடுத்த கண்மாய்க்குப் போனாலும் போதும், அங்கே தழைத்துவிடும். எனவே வலையை உதறிக் காயவைக்கச் சொல்லுங்கள். பிடுங்கிய செடியை, நீர் ஏறினாலும் எட்டாத மேட்டில் உலரவிடுங்கள்.

பொங்கல் விடுமுறையில் வந்து புகைப்படத்தோடு முடிகிற துப்புரவில் எனக்கு நம்பிக்கையில்லை. துறையை அன்றாடம் புழங்குபவர்களே பொறுப்பேற்க வேண்டும். பெயர்ப்பலகைக்கான பணத்தில் தடித்த கையுறைகளும் நீண்ட பிடியுள்ள வாருகோல்களும் வாங்கி அவர்களிடம் ஒப்படையுங்கள். சேரும் குப்பையை எந்த நாளில் எடுத்துச் செல்வார்கள் என்பதை ஊராட்சித் தூய்மைக் காவலர்களிடம் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.