மச்சாளின் ஏசிக்காகச் சங்கிலியை மீண்டும் அடகு வைக்க வேண்டாம்

கேள்வி: தெஹிவளையில் மாமனார் கட்டிய வீட்டில் கீழே நாங்கள், மேலே கணவரின் அக்கா குடும்பம். என் அம்மாவும் எங்களோடு இருக்கிறார். அவருக்கு ஆஸ்துமா, சில நாட்களில் நெபுலைசர் பிடிக்க வேண்டிவரும். 2022 மின்வெட்டுக் காலத்தில் 3 பவுண் சங்கிலியை 300,000 ரூபாவுக்கு அடகு வைத்து இன்வேர்ட்டரும் பற்றரியும் வாங்கினோம். சங்கிலி இன்னும் கடையில்தான். வருடாவருடம் 18 வீத வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கிறோம், மூன்று தடவை ஆகிவிட்டது. பற்றரி செத்துப்போய்விட்டது. 150 ஆம்பியர் புதுப் பற்றரிக்கு 85,000 கேட்கிறார்கள். கரண்ட் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒன்று இரண்டு மணித்தியாலம் போகும். டித்வா புயலில் மூன்று நாள் பட்ட பாட்டுக்குப் பிறகு, பெற்றோலிலும் காஸிலும் ஓடும் 6.5 கிலோவாட் ஜெனரேற்றர் ஒன்றை எடுக்கச் சொல்கிறா மச்சாள். தங்களுக்கும் ஒரு லைன் தந்தால் அவர்களுடைய 18,000 பிடியு ஏசியும் ஓடுமாம். விலை 295,000. பவுண் விலை ஏறியதால் அதே சங்கிலிக்கு இன்னும் 300,000 தரலாம் என்கிறார் அடகுக்கடைக்காரர். அதே ஜெனரேற்றர் கடையில், அதேபோல இரண்டிலும் ஓடும் 2.2 கிலோவாட் இன்வேர்ட்டர் வகை ஜெனரேற்றர் 165,000க்கு இருக்கிறது. இருவர் உழைப்பிலும் மாதம் 190,000 வருகிறது, செலவு போக 20,000 மிஞ்சும். சேமிப்பில் 110,000 உண்டு. எதை எடுக்கலாம்? – வாசகி, தெஹிவளை

பதில்: ஜெனரேற்றருக்குப் பிறகு வருகிறேன். முதலில் அடகுச் சீட்டை எடுத்து முன்னால் வையுங்கள்.

300,000க்கு 18 வீதம் என்றால் வருடம் 54,000. மூன்று தடவை மாற்றி வைத்ததில் 162,000 போயிருக்கிறது. நீங்கள் விலை விசாரித்த சின்ன ஜெனரேற்றரின் விலை ஏறக்குறைய அதுதான். அந்தப் பணம் முழுக்க வட்டியாகப் போய்விட்டது, முதலில் ஒரு ரூபா குறையவில்லை. இப்போது இன்னொரு 300,000 எடுத்தால் கடன் 600,000. வட்டி மட்டும் வருடம் 108,000, அதாவது மாதம் 9,000. மாதம் மிஞ்சுகிற 20,000ல் பாதி அதற்கே போய்விடும். பவுண் விலை ஏறியது உங்களுக்குக் கிடைத்த லாபம். அதே விலை ஒருநாள் இறங்கினால், கூடுதல் பணம் கட்டச் சொல்லியோ ஏலத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியோ கடையிலிருந்து கடிதம் வரும். ‘பவுண் ஏறிவிட்டது, இன்னும் தரலாம்’ என்று கேட்கும்போதெல்லாம் சரி என்று சொல்வதுதான் உங்கள் வீட்டுக் கணக்கைக் கெடுக்கிறது. எந்த ஜெனரேற்றர் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

ஜெனரேற்றர் உண்மையில் என்ன விலைக்குக் கரண்ட் தரும் என்று பாருங்கள். நீங்கள் சொன்ன கணக்கில் வருடத்துக்குக் கரண்ட் இல்லாத நேரம் கூட்டிப்பார்த்தாலும் 50 மணித்தியாலம் வரும். புதிதாக எடுக்கும் 300,000இன் வட்டி 54,000ஐ 50ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 1,080 ரூபா. 6.5 கிலோவாட் சாதாரண வகை (இன்வேர்ட்டர் வகை அல்லாத) ஜெனரேற்றர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஓடினாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று குறையாமல் சுற்றியே ஆக வேண்டும், அப்போதுதான் 50 ஹேர்ட்ஸ் வரும். அதனால் சும்மா ஓடினாலும் மணித்தியாலத்துக்கு ஒன்றேகால் லீற்றர் அளவில் குடிக்கும். லீற்றர் 300 என்று கணக்குக்கு வைத்தால் 375 ரூபா. ஆக, இரண்டு ஃபேன் சுழல மணித்தியாலத்துக்கு 1,450 ரூபா, ஜெனரேற்றரின் விலையைச் சேர்க்காமலே.

இந்த ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஜெனரேற்றரே தேவையில்லை. இரண்டு ஃபேனுக்கு 110 வாட், ஆறு எல்இடி பல்புக்கு 54, ரவுட்டரும் போன் சார்ஜும் 35. மொத்தம் 200 வாட். நெபுலைசர் 150 வாட் இழுத்தாலும் பதினைந்து நிமிட வேலை. 150 ஆம்பியர், 12 வோல்ட் பற்றரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 900தான் நமக்கு. இன்வேர்ட்டரின் இழப்பும் போக மூன்றரை மணித்தியாலம் வரும். பிரிட்ஜின் கதவைத் திறக்காமல் வைத்தால் நாலு மணித்தியாலம் குளிர் நிற்கும். ஆகவே சேமிப்பிலிருந்து 85,000 எடுத்துப் பற்றரியை மாற்றுங்கள், கடன் வேண்டாம். பழைய பற்றரி செத்ததற்குத் தண்ணீர் வற்றியதும் ஒரு காரணமாக இருக்கலாம். காய்ச்சி வடித்த தண்ணீரை மாதம் ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது. பழைய பற்றரியைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள், கேட்டு வாங்குங்கள். யாராவது இதற்குப் பதில் லித்தியம் பவர் ஸ்டேஷன் (பற்றரியும் இன்வேர்ட்டரும் ஒன்றாக வரும் பெட்டி) எடுக்கச் சொன்னால், உங்களிடம் வேலை செய்யும் இன்வேர்ட்டர் ஏற்கனவே இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள். இருப்பதையே இரண்டாம் முறை காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

மிஞ்சுவது டித்வா மாதிரி நாட்கள். அதற்குத்தான் ஜெனரேற்றர், அதுவும் சின்னது.

6.5 என்ற எண் உங்கள் தேவையிலிருந்து வரவில்லை, மேல்வீட்டு ஏசியிலிருந்து வந்திருக்கிறது. பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் சில விநாடி தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து ஓடும் அளவு பக்கத்தில் சின்ன எழுத்தில் 5.5 என்று இருக்கும். காஸில் ஓட்டும்போது அதிலும் பத்தில் ஒரு பங்கு குறையும், ஐந்தை ஒட்டி வந்து நிற்கும். 18,000 பிடியு ஏசி பழைய வகை என்றால் ஓடும்போது 1,700 வாட் அளவில் இழுக்கும், கொம்பிரசர் கிளம்பும் அந்த நொடியில் மூன்று மடங்கு கேட்கும். கீழே பிரிட்ஜும் வாட்டர் மோட்டரும் ஓடிக்கொண்டிருந்தால் காஸில் அந்த ஏசி கிளம்பாமலே போகலாம். மச்சாளுக்கு ஏசி வேண்டுமானால் இரண்டு ஜெனரேற்றருக்கும் இடையிலான 130,000 அவவுடைய பங்கு, பெற்றோல் செலவும் அதே அளவில். இதைக் கணவர்தான் தன் அக்காவிடம் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் வீட்டில் வேறு மாதிரிப் போய்விடும். ‘அக்கா, சங்கிலியை மீட்கும் வரைக்கும் எங்களால் இவ்வளவுதான்’ என்றால் போதும்.

2.2 கிலோவாட் இன்வேர்ட்டர் வகையில் பிரிட்ஜ், ஃபேன், லைட், நெபுலைசர் எல்லாம் ஓடும். சுமை குறைந்தால் எஞ்சினும் மெதுவாகச் சுற்றும் என்பதால் 500, 600 வாட்டுக்கு மணித்தியாலத்துக்கு 0.6 லீற்றர் அளவில்தான் போகும். அரைக் குதிரைவலு வாட்டர் மோட்டரை மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டுத் தனியாக, பெற்றோலில் போடுங்கள். காஸில் திணறி நிற்க வாய்ப்பு உண்டு. நாள் முழுக்க ஓட்டத் தேவையில்லை. காலை இரண்டு மணித்தியாலம், மாலை இரண்டு மணித்தியாலம் ஓட்டினால் பிரிட்ஜ் குளிர்ந்துவிடும், இரவில் இழுத்த கரண்டில் பெரும்பகுதி பற்றரிக்குத் திரும்பும். நாளுக்கு 2.4 லீற்றர், 720 ரூபா.

காஸ் கணக்கு இதைவிட மலிவு. எரிசக்தியில் ஒரு கிலோ காஸ் 1.4 லீற்றர் பெற்றோலுக்குச் சமம், 12.5 கிலோ சிலிண்டர் 17.5 லீற்றருக்குச் சமம். சிலிண்டரை 3,700 என்று வைத்தால், அதே சக்திக்குப் பெற்றோல் 5,250 ரூபா. மேலே சொன்ன ஓட்டத்துக்கு நாளுக்கு 1.7 கிலோ, ஒரு சிலிண்டர் ஒரு வாரம் வரும். 6.5 கிலோவாட்டில் அதே சிலிண்டர் பதின்மூன்று பதினான்கு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். அது நீங்கள் ஒரு மாதத்துக்கு மேல் சமைக்கிற காஸ்.

இரண்டு எரிபொருள் இருந்தால் ஒன்று கிடைக்காவிட்டாலும் மற்றது கைகொடுக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். 2022ல் காஸுக்கும் வரிசை, பெற்றோலுக்கும் வரிசை. கானில் பெற்றோல் ஊற்ற மறுத்தார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோதும் அதே நிலைமைதான். டொலர் இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். காஸின் உண்மையான நன்மை வேறு. அது கெடாது. பெற்றோலை தாங்கியில் விட்டு இரண்டு மூன்று மாதம் மறந்துவிட்டால், காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் மஞ்சள் பிசின் படிந்து, ஊசித் துளை அளவான ஜெட்டை அடைத்துவிடும். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பற்றாது, பற்றினாலும் சோக்கைத் தள்ளிய உடனே நின்றுவிடும். வருடத்தில் சில நாள் மட்டும் ஓடப்போகிற ஜெனரேற்றருக்கு இதுதான் முதல் நோய். அதனால் காஸை முதன்மையாக வைத்து, பெற்றோலை மோட்டருக்கும் அவசரத்துக்கும் மட்டும் வையுங்கள். பெற்றோலில் ஓட்டினால் கடைசியில் எரிபொருள் வால்வை மூடிவிட்டுத் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள், கிண்ணம் காலியாகும். காஸில் ஓட்டினால் நிறுத்தும்போது முதலில் சிலிண்டரைப் பூட்டுங்கள்.

காஸில் சிக்கல் வருவது பெரும்பாலும் இணைப்பில். வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்த ஜெனரேற்றர்களோடு வரும் குழாயின் வாய் நம் ஊர் சிலிண்டரில் பொருந்தாது. கிடைத்த அடாப்டரை இறுக்கி டேப் சுற்றிக் கொடுப்பார்கள், அதை வாங்காதீர்கள். நம் சிலிண்டர் வால்வுக்கான ரெகுலேற்றரும், அந்த எஞ்சின் கேட்கும் அழுத்தமும் அளவும் பொருந்துகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பொருத்தியபின் ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. 5 கிலோ, 2.3 கிலோ சிலிண்டர்கள் இதற்கு உதவாது. வேகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து வியர்த்து, அழுத்தம் விழுந்து எஞ்சின் ஏறி இறங்கும். சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது. காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் நிற்கும். எனவே எஞ்சினிலிருந்து தள்ளி, திறந்த இடத்தில், நிமிர்த்தி வையுங்கள்.

உங்கள் வீட்டில் இதைவிட முக்கியமானது புகை. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, மூடிய கராஜிலும் படிக்கட்டடியிலும் சில நிமிடத்தில் ஆளைக் கொல்லும். காஸில் ஓடினாலும் அது வரும். வீட்டிலிருந்து 6 மீற்றர் தள்ளி, புகைக்குழாய் உங்கள் யன்னலையும் அயல்வீட்டு யன்னலையும் பார்க்காமல் வைக்க உங்கள் வளவில் இடம் இருக்கிறதா? ஆஸ்துமா உள்ள அம்மா படுக்கும் அறையின் பக்கம் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். அளந்து பார்த்து இடம் இல்லை என்றால் ஜெனரேற்றர் யோசனையையே விட்டுவிடுங்கள், இரண்டாவது பற்றரி ஒன்றே சரி. மழைக்கு மேலே கூரை வேண்டும், நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

வயரிங்: இரு பக்கமும் ஆணுள்ள வயரைச் சுவர் பிளக்கில் குத்துகிற வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கரண்ட் வெளிக்கம்பிக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்கிறவரைக் கொல்லும். ஒன்றில் எக்ஸ்டென்ஷன் வயரில் நேரடியாகப் பிரிட்ஜுக்குக் கொடுங்கள், அல்லது தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு, வெளிக் கரண்டையும் ஜெனரேற்றரையும் ஒரே நேரத்தில் சேர விடாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். நியூட்ரலை எர்த்தோடு இணைக்காமல் வரும் ஜெனரேற்றர்களில் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழாமலே போகலாம், அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இனி பணம். பற்றரிக்குப் பிறகு சேமிப்பில் 25,000 இருக்கும், அதைத் தொடாதீர்கள். மிஞ்சுகிற 20,000ல் மாதம் 15,000ஐ வட்டியும் முதலுமாக அடகுக்குக் கட்டுங்கள். 18 வீதத்தில் 24 மாதத்தில் சங்கிலி கைக்கு வந்துவிடும், மொத்த வட்டி 60,000 அளவில். பகுதிப் பணம் வாங்க மாட்டோம் என்று கடைக்காரர் சொன்னால், மக்கள் வங்கியிலும் இலங்கை வங்கியிலும் அடகுப் பிரிவு உண்டு, வட்டியை விசாரித்துக் குறைவானால் அங்கே மாற்றுங்கள். மாற்றும்போது 300,000க்கு மேல் ஒரு ரூபாவும் எடுக்கக் கூடாது, கூடத் தருகிறோம் என்பார்கள். மீதி 5,000ஐயும் சித்திரை போனஸையும் தனிக் கணக்கில் சேருங்கள், 165,000 சேர்ந்த பிறகு ஜெனரேற்றர். தவணையில் வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்று காட்டுகிற இடத்தில் காசு விலையையும் கேளுங்கள், வித்தியாசம் தெரியும்.

வாங்கப் போகும்போது உங்கள் காஸ் சிலிண்டரையும் 1.5 கிலோவாட் மின்கேத்தல் ஒன்றையும் கொண்டுபோய், கடை வாசலிலேயே காஸில் ஓட்டி அந்தக் கேத்தலைக் கொதிக்க வைக்கச் சொல்லுங்கள். மீற்றரில் 230 வோல்ட்டும் 50 ஹேர்ட்ஸும் ஒட்டி நிற்க வேண்டும். 100 வோல்ட் ஜப்பான் ரீகண்டிஷன், 120 வோல்ட் 60 ஹேர்ட்ஸ் வகைகள் மலிவாகத் தெரியும், நம் வீட்டுக்கு ஆகாது. ரசீதில் தொடர்ந்து ஓடும் வாட் அளவைப் பெற்றோலுக்கும் காஸுக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ரெகுலேற்றருக்கும் காபரேற்றருக்கும் உத்தரவாதம் உண்டா, இல்லையா என்பதும் அதே ரசீதில் இருக்க வேண்டும். முதல் ஒயில் 20 மணித்தியாலத்தில் மாற்ற வேண்டும், அந்த ஒயிலையும் ஒரு உதிரி பிளக்கையும் அன்றைக்கே அங்கேயே எடுத்துவிடுங்கள்.