ஹயாட்டல் ஹெர்னியாவுக்குக் கைவைத்தியம்: கேள்வி பதில்

கே: எண்டோஸ்கோபியில் சிறிய ஸ்லைடிங் ஹெர்னியா என்று வந்திருக்கிறது. இயற்கை முறையில் முழுதாகக் குணமாகுமா?

ப: ஆகாது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்கும் துளை தளர்ந்து, இரைப்பையின் மேல்பகுதி அதன் வழியே மார்புக்குள் ஏறுகிறது. அந்தத் துளையை எந்தக் கஷாயமும் இறுக்காது. தொல்லை தருவது மேலேறும் அமிலம். அதைப் பெரும்பாலும் அடக்கிவிடலாம்.

கே: மூன்று தலையணை வைத்தும் இரவில் தொண்டைக்குப் புளிப்பு ஏறுகிறது.

ப: தலையணை அடுக்கினால் இடுப்பில் மடங்கி வயிறு நசுங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு மரக்கட்டை கொடுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்போது அமிலம் உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தங்கும். வலப்பக்கம் படுத்தால் நேர்மாறு. சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துத்தான் படுக்கை.

கே: வெந்நீர் குடித்துவிட்டுக் குதிகாலில் குதித்தால் இரைப்பை இறங்கிவிடுமாமே?

ப: இறங்கினாலும் நிற்காது. முழங்காலாவது பிழைக்கட்டும்.

கே: ஆப்பிள் சிடர் வினிகர்?

ப: வேண்டாம். ஏற்கெனவே புண்பட்ட குழாயில் இன்னொரு அமிலமா?

கே: அமிலம் குறைவதால்தான் உணவுக்குழாயின் அடியிலுள்ள வால்வு மூடவில்லை என்கிறார்களே?

ப: அப்படியானால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையில் புண் ஆறக் கூடாது, ஆறுகிறது. வால்வும் உதரவிதானமும் ஒரே இடத்தில் சேர்ந்து இறுக்க வேண்டியவை. ஹெர்னியாவில் இரண்டும் விலகிவிட்டன, அதனால்தான் பிடிப்பில்லை.

கே: எனக்கு வினிகர் கேட்கிறதே, சார்!

ப: வினிகர் தொடங்கும்போதே பலர் இரவுச் சாப்பாட்டையும் குறைத்துவிடுகிறார்கள். வினிகரை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், எது வேலை செய்தது என்று தெரிந்துவிடும்.

கே: எலுமிச்சைச் சாறு?

ப: வினிகருக்குச் சொன்னதேதான்.

கே: புதினா, சமையல் சோடா, அதிமதுரம்?

ப: புதினா வால்வைத் தளர்த்தும். சோடா அரைத் தேக்கரண்டியிலேயே 600 மி.கி.க்கு மேல் சோடியம், வாயுவும் கிளப்பும். அதிமதுரத்தை வாரக்கணக்கில் எடுத்தால் பொட்டாசியம் இறங்கி ரத்த அழுத்தம் ஏறும்.

கே: மூச்சுப் பயிற்சி?

ப: இதைக் கேட்க ஒருவராவது வந்தீர்களே! உதரவிதானம் தசை, பழக்கினால் வால்வைச் சுற்றிய பிடிப்பு கூடும். ஒரு கை மார்பில், ஒரு கை வயிற்றில். மூக்கால் 4 எண்ணும்வரை இழுங்கள். வயிற்றிலுள்ள கை மட்டும் உயர வேண்டும். உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை விடுங்கள். தினமும் 10 நிமிடம், மாதக்கணக்கில். மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கினால் அழுத்தம் ஏறிக் காரியம் கெடும். சாப்பிட்ட கையோடு மல்லாந்து செய்யாதீர்கள். அந்த 3 மணி நேரம் இதற்கும்தான்.

கே: வினிகரை நிறைய நீர் கலந்து...

ப: மேலே சொன்னதையே மறுபடி படியுங்கள்.

கே: எனக்குப் பாராஈசோபேஜியல் வகை, அதாவது உணவுக்குழாயின் பக்கவாட்டில் இரைப்பை ஏறுவது.

ப: அறுவை மருத்துவரிடம் போங்கள். அதில் இரைப்பை முறுக்கிக்கொள்ளலாம். திடீர்க் கடும் மார்பு வலி, குமட்டியும் வாந்தி வராத நிலை என்றால் உடனே அவசரப் பிரிவு.

கே: ரத்தசோகைக்கும் இதற்கும் தொடர்புண்டா?

ப: உண்டு. பெரிய ஹெர்னியாவில் துளையின் விளிம்பு உரசி இரைப்பை மடிப்புகளில் புண் வரும். ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் கசியும். இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்தாமல் அந்த இடத்தை எண்டோஸ்கோபியில் பார்க்கச் சொல்லுங்கள்.