ஸ்கூட்சே மாதிரிப் படகு: பக்கப் பலகை இரண்டையும் இறக்காதீர்கள்

நண்பரே, நீங்கள் செய்யும் ஸ்கூட்சே மாதிரியில் இரண்டு பக்கப் பலகைகளையும் இறக்கியபடி ஒட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஸ்கூட்சே என்பது நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணத்துப் பழைய சரக்குப் பாய்மரப் படகு. அங்குள்ள ஆழமற்ற கால்வாய்களில் தரைதட்டாமல் போகவே அதற்கு அடிப்பாகம் தட்டையாக இருக்கிறது. ஆனால் தட்டையான படகைக் காற்று பக்கவாட்டில் ஒதுக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பலகைகள். காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கப் பலகை மட்டும் நீரில் இருக்கும், மற்றது தூக்கிக் கட்டியிருக்கும். காற்று பக்கம் மாறினால் பலகையும் மாறும்.

எனக்குப் பதற்றமெல்லாம் பாய்மரத்தைப் பற்றித்தான். அதைப் பசையால் ஒட்டிவிடாதீர்கள்! பாலத்தடியில் நுழைய அதைச் சாய்த்தாக வேண்டும். அதற்காகவே அடிமுனையில் எதிர்எடை வைத்திருப்பார்கள். படத்தில் தெரியும் சுக்கான் சக்கரத்தையும் கழற்றுங்கள். நீண்ட சுக்கான்பிடிதான் சரி.

தளத்தில் சரக்கு வைப்பதானால் எரிக்கும் கரிமண், உருளைக்கிழங்கு, எரு, எதுவும் பொருந்தும். பின்னாலுள்ள சிற்றறையில் குடும்பமே வாழ்ந்தது. காற்று விழுந்தால் மனைவியும் பிள்ளைகளும் தோளில் பட்டை மாட்டிக் கரையில் நடந்து படகை இழுத்தார்கள். இது உழைப்பாளிகளின் படகு, அதனால் பளபளப்புச் சாயம் வேண்டாம் என்பேன்.

நேரில் பார்க்க ஃபிரீஸ்லாந்தின் ஏர்னவால்ட் ஊரில் ஸ்கூட்சே அருங்காட்சியகம் இருக்கிறது. கோடையில் போனால் 14 ஸ்கூட்சேக்கள் மோதும் போட்டியையும் பார்க்கலாம். அது குரோ என்ற ஊரில் தொடங்கி ஸ்னேக் என்ற ஊரில் முடியும்.